தம்பி மாத்திரையை விட்டு இரண்டு மாதம் ஆகிறது, இப்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது

காவேரிக்கரை | மார்ச் 4, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் தம்பிக்கு 31 வயது. திருச்சியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தான். நான்கு வருடத்துக்கு முன் பைக் விபத்தில் முதுகில் அடிபட்டது. வலிக்கு ட்ராமடால் எழுதிக் கொடுத்தார்கள். வலி குறைந்தது, மாத்திரை குறையவில்லை. சீட்டு இல்லாமல் கிடைக்கிற இடங்களைத் தெரிந்துகொண்டான். அப்புறம் டேபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் அளவுக்குப் போய்விட்டது. கடை போனது, கல்யாணப் பேச்சு நின்றது.

ஜனவரியில் ஒரு தனியார் மையத்தில் 45 நாள் வைத்திருந்தோம். வீட்டுக்கு வந்து 18 நாள் ஆகிறது. உடம்பு தேறியிருக்கிறது, இரண்டு வேளை சாப்பிடுகிறான். அம்மா முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம் "நல்லபடியா வந்துட்டான், இனிமே கவலையில்லை" என்கிறார்கள்.

எனக்கு மட்டும் மனசு அடித்துக்கொள்கிறது. அவன் தூங்குவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் கைலியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் வண்டியின் ஆர்.சி. புக், சீட்டுப் பணம் பாக்கி எழுதிய நோட்டு, கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய கணக்கு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தான். "அக்கா, நீயே வச்சுக்கோ. அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது" என்றான். நோட்டைத் திறந்து பார்த்தேன். எல்லாக் கணக்கும் பேனாவால் திருத்தி, கீழே கோடு போட்டு முடித்திருந்தான்.

அவனிடம் நேராகக் கேட்கலாமா? அம்மாவிடம் லேசாகச் சொன்னதற்கே "விளக்கு வைக்கிற நேரத்துல வாயில வர்ற வார்த்தையா இது" என்று அழுதுவிட்டார். கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்கும் பயம்.

——————

நெறியாளர் | மார்ச் 4, இரவு 11.58

சகோதரி, உங்கள் இடுகையை மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த நேரத்தில் பேச ஆள் வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். சென்னை சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044 24640050. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104ம் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

எழுதுகிற மற்றவர்களுக்கு: மாத்திரை அளவு, எங்கே கிடைக்கும், யார் எப்படி இறந்தார்கள் என்கிற விவரங்கள் வேண்டாம். நீக்கிவிடுவேன்.

——————

தேன்மொழி_செவிலி | மார்ச் 5, காலை 12.25

இரவுப் பணியில் இருக்கிறேன், இடையிடையே எழுதுகிறேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் 14 வருடமாக இருக்கிறேன்.

கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வராது. உள்ளே ஏற்கெனவே இருப்பதை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். என்னிடம் "ஆமாம் சிஸ்டர்" என்று சொன்னவர்களில் பலர், வீட்டில் ஒருத்தர் கூட இதைக் கேட்கவில்லை என்றுதான் அடுத்த வார்த்தை சொல்வார்கள்.

எப்படிக் கேட்பது என்பது முக்கியம். நாம் வழக்கமாக "அந்த மாதிரியெல்லாம் ஒண்ணும் நினைக்கலதானே?" என்று கேட்போம். அந்த "தானே" பதிலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. கேட்கிற அக்காவுக்கு என்ன பதில் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், அதையே சொல்லிவிடுவான். "தம்பி, செத்துப் போயிடலாம்னு உனக்குத் தோணுதா?" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தோ சேர்ந்து நடக்கும்போதோ கேளுங்கள். கண்ணைப் பார்க்காவிட்டால் பேச்சு வரும்.

ஆமாம் என்றால் பதறாதீர்கள், அறிவுரை வேண்டாம், அம்மா மேல் சத்தியம் வாங்க வேண்டாம். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா, எப்போது என்று ஏதாவது நினைத்திருக்கிறானா என்று கேளுங்கள். யோசித்திருந்தால் அன்றைக்குத் தனியாக விடக் கூடாது, நேரே மருத்துவமனைதான். வீட்டில் மிச்சம் இருக்கிற மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாம் இன்றைக்கே வேறு வீட்டுக்குப் போகட்டும். வேகம் ஏறுகிற அந்த நேரம் பெரும்பாலும் சீக்கிரம் தணிந்துவிடும். அப்போது கைக்கு எட்டுகிற தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும்.

கணக்கை முடித்துப் பையில் போட்டுக் கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் பயந்தது சரிதான்.

——————

வடசென்னை_மணி | மார்ச் 5, காலை 6.10

அக்கா, நான் அந்தப் பக்கத்தில் இருந்து வந்தவன். எனக்கு 38 வயது, ஊசியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. உங்கள் தம்பி சொல்லாததை நான் சொல்லிப் பார்க்கிறேன்.

மாத்திரையை நிறுத்திய முதல் பத்து நாள் உடம்பு படுத்தும். கை கால் முறுக்கு, மூக்கில் தண்ணீர், வயிற்றுப்போக்கு, தோலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அந்த நாட்களில் சாவைப் பற்றி நினைக்கக்கூட நேரம் இருக்காது. எல்லோரும் கூடவே இருப்பார்கள், கஞ்சி கொடுப்பார்கள், தலையைத் தடவுவார்கள்.

அதற்கப்புறம்தான் வருகிறது. உடம்பு படுத்துவது நின்றுவிடும், கூட இருந்தவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். எதிலும் ருசி இருக்காது. எனக்கு இளையராஜா பாட்டு என்றால் உயிர். மூன்றாவது வாரம் ஒரு நாள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. ஃபேன் சத்தம் கேட்கிற மாதிரி கேட்டது. அன்றைக்குத்தான் பயந்தேன். அதே நேரத்தில் மனசு கணக்குப் பார்க்க ஆரம்பிக்கும். அம்மா தோடு எவ்வளவுக்குப் போனது, தங்கச்சி கல்யாணத்தில் நான் எங்கே கிடந்தேன், எல்லாம் வரிசையாக வரும். போதையில் இருந்த வரை மூடியிருந்த கதவு அது.

இன்னொன்று. என்னிடம் டாக்டர்கள் பல தடவை "தற்கொலை எண்ணம் உண்டா" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றுதான் சொன்னேன், அது பொய்யும் இல்லை. நான் சாக வேண்டும் என்று நினைத்ததில்லை. ஆனால் கடைசி வருடத்தில் ஒவ்வொரு தடவையும் "காலையில எழுந்திருக்காட்டியும் பரவாயில்ல" என்ற நினைப்போடுதான் ஏற்றிக்கொண்டேன். அதை யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் ஒரு கவுன்சிலர் அக்கா சரியாக அந்த வார்த்தையைக் கேட்டார். அரை மணி நேரம் அழுதேன். உங்கள் தம்பியிடம் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நான் இன்றைக்கும் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எடுக்கிறேன். அது இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

——————

ராமசாமி_கோவை | மார்ச் 5, காலை 8.45

மணி தம்பி, உன் மேல் மரியாதை வைத்துக்கொண்டே சொல்கிறேன். ஆறு வருடமாக இன்னொரு மாத்திரை எடுக்கிறாய் என்றால் நீ விட்டதாக எப்படிச் சொல்வது? இந்தப் பையன் ஒன்றும் இல்லாமல் இரண்டு மாதம் தாண்டிவிட்டான். அவனைத் திரும்ப மாத்திரைக்குள் தள்ள வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வேலை, காலையில் நடை, கோயில், நல்ல சேர்க்கை இவை போதும். மனசு சும்மா இருந்தால்தான் கண்டதும் தோன்றும்.

எனக்கு 63 வயது. நானும் ஒரு மகனை இதில் பார்த்தவன்தான், ஏதோ ஏட்டில் படித்துவிட்டுப் பேசவில்லை.

——————

மனநலம்_முதுநிலை | மார்ச் 5, மதியம் 1.30

மதுரையில் மனநல மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறேன். ராமசாமி ஐயா கேட்ட கேள்வியை ஒவ்வொரு வாரமும் புறநோயாளிகள் பிரிவில் பெற்றோர்கள் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஓபியம், ஹெராயின், ட்ராமடால், டேபென்டடால், மார்ஃபின் எல்லாம் மூளையில் ஒரே பூட்டில் போய் மாட்டுகிற சாவிகள். இந்த வகையை ஓபியாய்டு என்போம். நம் உடம்பே எண்டார்ஃபின் என்று இதே வேலைக்கு ஒன்றைச் சுரக்கிறது. உடம்பு வலியை மட்டும் அது பார்ப்பதில்லை. அவமானம், பிரிவு, தனிமை இவற்றின் வலியையும் அதே ஏற்பாடுதான் மட்டுப்படுத்துகிறது. வெளியிலிருந்து வருடக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் ஏற்பாடு சோர்ந்துவிடும். மணி அண்ணன் பாட்டைப் பற்றி எழுதியது அதுதான். அது அவர் மனத்திடக் குறைவு இல்லை. திரும்பி வர மாதங்கள் ஆகும்.

2004ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு வந்தது. ஓபியாய்டு பழக்கம் உள்ளவர்களிடம் தற்கொலை மரணம், அதே வயது மக்களிடம் எதிர்பார்க்கிற அளவைவிட 13 மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். மதுப் பழக்கத்துக்கு அது சுமார் 10 மடங்கு. மது என்றால் இப்போது கொஞ்சம் பேசுகிறோம், இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

நிறுத்துவது பற்றி. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் சுமார் 14 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை எடுத்து 2020ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லோரும் டாக்டர் எழுதிக் கொடுத்து ஓபியாய்டு வாங்கியவர்கள். அதில் அளவு மீறியோ தற்கொலையாலோ இறந்தவர்கள் 2887 பேர். மருந்தைத் தொடங்கிய முதல் மூன்று மாதத்திலும் நிறுத்திய முதல் மூன்று மாதத்திலும் ஆபத்து கூடியது. நீண்ட காலம் எடுத்துவிட்டு நிறுத்தியவர்களுக்கு இன்னும் அதிகம். இதற்கு முந்தைய ஆண்டே, 2019 ஏப்ரலில், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் திடீரென்று நிறுத்தினால் கடும் வலி, மன உளைச்சல், தற்கொலை வரை போகலாம் என்று எச்சரிக்கை விட்டிருந்தது. அங்கே டாக்டர்கள் பயந்துபோய் நோயாளிகளுக்குச் சட்டென்று மருந்தை வெட்டியதன் விளைவு அது.

ஐயா கேட்ட "இன்னொரு மாத்திரை" பற்றி. மணி அண்ணன் சொன்ன மாதிரி நாக்குக்கு அடியில் வைக்கிற பூப்பிரெனார்ஃபின் அந்தப் பூட்டில் பாதி மட்டும் திரும்புகிற சாவி. ஏக்கத்தை அடக்கும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் போதையும் ஏறாது, மூச்சை அடக்குவதும் அதிகமாகாது. 2017ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பூப்பிரெனார்ஃபின் சிகிச்சையில் இருந்தவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு சுமார் 4 மரணம், சிகிச்சையை விட்டு வெளியே வந்தவர்களில் 9க்கு மேல். இதே சிகிச்சைக்குத் தருகிற இன்னொரு மருந்தான மெத்தடோனில் 11, வெளியே வந்தபின் 36. இது எல்லாக் காரணங்களாலும் வரும் மரணம், தற்கொலை மட்டும் இல்லை. ஆனாலும் சர்க்கரை நோயாளியிடம் "இன்னும் மருந்து எடுக்கிறாயே, குணமாகவில்லையா" என்று நாம் கேட்பதில்லை.

இன்னொரு ஆபத்து, இதை எல்லா வீட்டிலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். 45 நாள் எடுக்காமல் இருந்த உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி போய்விட்டது. ஒரு விரக்தியில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அப்படி நடந்தால் அது விபத்தா, வேண்டுமென்றே செய்ததா என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. மணி அண்ணன் சொன்ன "எழுந்திருக்காட்டியும் பரவாயில்ல" இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. உலகம் முழுக்கப் புள்ளிவிவரத்தில் இது குறைத்தே எண்ணப்படுகிறது என்பதற்கும் அதுவே காரணம்.

——————

ஸ்கார்பரோ_சிவம் | மார்ச் 5, மாலை 6.05

தங்கச்சி, நான் கனடாவில் இருந்து எழுதுறன். இங்க 2016 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் போதை மருந்து கூடிச் சாகிறதைப் பொதுச் சுகாதார அவசரநிலை எண்டு அறிவிச்சது. ஃபென்டனில் எண்ட மிகப் பலமான ஓபியாய்டு வந்தபிறகு நிலைமை அவ்வளவு மோசம். எங்கட தமிழ்ப் பிள்ளையளும் போயிருக்கினம், ஆனா செத்த வீட்டில "மாரடைப்பு" எண்டுதான் சொல்லுவினம். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டில தாய் இண்டைக்கும் அதைத்தான் சொல்லுறா. அவவுக்கு ஆறுதல் சொல்லப் போற எவருக்கும் உண்மையைப் பேச வழியில்லை, அவவுக்கும் இல்லை.

ஒண்டாரியோவில் மருந்துக்கடையில நலாக்சோன் பெட்டி காசில்லாமல் தருவினம். மூக்கில அடிக்கிற மருந்து, மூச்சு அடங்கினவரை எழுப்பும். என்ர காரிலயும் ஒண்டு கிடக்கு. 2023 நவம்பரில் இருந்து தற்கொலை எண்ணம் வந்தால் கூப்பிட 988 எண்ட இலக்கமும் நாடு முழுக்க இருக்கு. கனடாவில் இதை வாசிக்கிற ஆரும் இருந்தால் குறிச்சு வையுங்கோ.

——————

மருந்துக்கடை_பாலு | மார்ச் 5, இரவு 9.20

ஒரு மருந்தாளுநராக நானும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2018 ஏப்ரலில் ட்ராமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். சரியான முடிவு. ஆனால் அந்த வருடம் என் கடைக்கு வந்துகொண்டிருந்த ஆட்களுக்கு என்ன ஆனது என்று நான் யோசிக்கவே இல்லை. "ஸ்டாக் இல்ல" என்று மட்டும் சொன்னேன். ஒருத்தர், லாரி டிரைவர், நாற்பதுக்கு மேல் இருக்கும், கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி "சார், நான் எப்படி இருக்கப் போறேன்னு தெரியல" என்றார். அவர் மிரட்டுகிறார் என்று நினைத்து, கடைப் பையனை விட்டு அவரை வெளியே அனுப்பச் சொன்னேன். இந்த இழையைப் படித்த பிறகு அந்த வாக்கியம் வேறு மாதிரி கேட்கிறது.

இப்போது அப்படி யாராவது வந்தால் மருந்து இல்லை என்பதோடு நிறுத்துவதில்லை. 14446 போதை மீட்பு உதவி எண்ணை எழுதிக் கொடுக்கிறேன், அரசு மருத்துவமனையில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்றும் சொல்கிறேன்.

——————

காவேரிக்கரை | மார்ச் 6, காலை 5.30

கேட்டுவிட்டேன்.

நேற்று இரவு மாடிக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன், கை சும்மா இருந்தால் நடுங்கும் என்று. தேன்மொழி அக்கா சொன்ன மாதிரி அந்த வார்த்தையைச் சொல்லியே கேட்டேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மணி அண்ணன் எழுதியதைக் கேட்டேன், "காலையில எழுந்திருக்காட்டியும் பரவாயில்லைனு தோணுதா" என்று. "தினமும்" என்றான்.

மையத்திலேயே தொடங்கியதாம். அங்கே ஒரு வாரம் காலில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்களாம். முதுகு வலிக்கிறது என்று சொன்னால் "மாத்திரைக்கு நடிக்கிறான்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்களாம். வலி உண்மையிலேயே போகவில்லை அக்கா, யாரும் நம்ப மாட்டேங்கிறீங்க என்றான். வீட்டுக்கு வந்து ஒன்பதாவது நாள் ஒரு தடவை எடுத்திருக்கிறான். நல்லவேளை, கொஞ்சமாகத்தான் எடுத்திருக்கிறான். அதை எங்களிடம் சொல்ல முடியாமல், அம்மா தெருவில் எல்லோரிடமும் "என் பையன் விட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

நாள் குறித்து வைத்திருந்தானா என்று கேட்டேன். எனக்குத் திருமண நாள் வருகிறது, அது முடியட்டும் என்று இருந்தானாம்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. விடிந்ததும் அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். என் வீட்டுக்காரர் அவன் பக்கத்திலேயே படுத்திருக்கிறார்.

——————

தேன்மொழி_செவிலி | மார்ச் 6, காலை 5.50

நல்லது செய்தீர்கள் அம்மா. மூன்று விஷயங்களை டாக்டரிடம் அவனே சொல்லட்டும், சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்: அந்த எண்ணம், நாள் யோசித்து வைத்தது, ஒன்பதாவது நாள் எடுத்தது. எடுத்ததை மறைத்தால் கொடுக்கிற மருந்து தப்பாகிவிடும். முதுகு வலியையும் விடாதீர்கள். தீராத வலி தனியாகவே மனிதனைச் சாவை நினைக்க வைக்கும். படுக்கை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்று கூட்டி வந்துவிடாதீர்கள்.

——————

வக்கீல்_கண்ணன் | மார்ச் 6, காலை 10.15

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மருத்துவமனைக்கே போகாத குடும்பங்கள் உண்டு, அதனால் இதைப் பதிவு செய்கிறேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. எண்ணம் இருக்கிறது என்று சொல்வது எந்தக் காலத்திலும் குற்றம் இல்லை. போதைப்பொருள் சட்டத்திலும் 64ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வருகிற அடிமைப்பட்டவருக்கு, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தது போன்ற வழக்குகளிலிருந்து பாதுகாப்பு தருகிறது.

மனநலச் சட்டத்தின் 95ஆவது பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் மது, போதைப் பழக்கமும் அடங்கும். தம்பி தேறிய பிறகு மாநில மனநல ஆணையத்துக்குப் புகார் எழுதலாம். எழுத நான் உதவுகிறேன். மையத்தின் பெயரை இங்கே போட வேண்டாம்.

——————

ராமசாமி_கோவை | மார்ச் 6, இரவு 10.30

காலையிலிருந்து இந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

என் மகனும் அப்படி ஒரு மையத்தில்தான் இருந்தான், மூன்று மாதம். வந்தபோது நன்றாக இருந்தான். ஒரு டாக்டர் இந்த நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். நீ என் மகன்டா, உனக்கு எதற்கு இன்னொரு ஊன்றுகோல் என்றேன். அவன் தலையை ஆட்டினான். ஐந்து வாரம் இருந்தான்.

விபத்து என்றுதான் எல்லோரிடமும் சொன்னோம். எனக்கே தெரியாது எது என்று. அந்த மாணவர் எழுதிய நடுவில் கிடக்கிற இடம் என்பதைப் படித்ததிலிருந்து அதுவே ஓடுகிறது.

மணி, நேற்று உன்னிடம் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ மாத்திரை போட்டுக்கொள், நன்றாக இரு.

——————

வடசென்னை_மணி | மார்ச் 6, இரவு 11.05

அப்பா, உங்கள் எண்ணைத் தனிமடலில் அனுப்புங்கள். நாளைக்குப் பேசுகிறேன். உங்கள் மகன் தலையை ஆட்டினான் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் எல்லோரும் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவோம். எதிரில் இருப்பவரை இன்னும் ஒரு தடவை அழ வைக்கக் கூடாது என்பதற்காக. அதைப் பார்த்து நீங்கள் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை.

——————

மனநலம்_முதுநிலை | மார்ச் 7, காலை 7.15

ராமசாமி ஐயா, நீங்கள் அன்றைக்குச் சொன்னது இந்த ஊரில் பத்தில் எட்டு அப்பாக்கள் சொல்வது. எங்களில் சில டாக்டர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பத்தினரிடம் பேசுவதையும் சிநேகா தன் வேலையாகவே செய்கிறது. 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது. மேலே நெறியாளர் கொடுத்த எண்தான். உங்களுக்கும் அது பொருந்தும், ஒரு முறை கூப்பிடுங்கள்.

——————

காவேரிக்கரை | மார்ச் 27, இரவு 9.50

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

11 நாள் வார்டில் வைத்திருந்தார்கள். மனச்சோர்வு நோய் தனியாக இருக்கிறது என்றார்கள், அதற்கு ஒரு மாத்திரை. பூப்பிரெனார்ஃபினும் தொடங்கியிருக்கிறார்கள். முதல் நாள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு பேசக் கூடாது என்றதால் அவன் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையால் ஏதோ காட்டினான். கசக்கிறதாம். முதுகுக்கு ஸ்கேன் எடுத்து, பிசியோதெரபி வாரம் மூன்று நாள். "வலி இருக்கிறது உண்மைதான்" என்று அந்த எலும்பு டாக்டர் சொன்னபோது இவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் அவராகவே அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னைக்கு எப்படி இருக்கு, அந்த நினைப்பு வந்துச்சா" என்று கேட்டார். விளக்கு வைக்கிற நேரம்தான்.

எண்ணம் முழுசாகப் போகவில்லை. வந்தால் என்னிடம் "மாடிக்கு வா" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம், காரணம் சொல்ல வேண்டாம். இதுவரை நான்கு தடவை சொல்லியிருக்கிறான். இரண்டு தடவை நான் ஆபீசில் இருந்தேன், வீட்டுக்காரர் போனார். மஞ்சள் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சீட்டுக்காரரிடம் பாக்கியை அவனே போய்ப் பேசட்டும் என்று.

ஒரு சந்தேகம். சித்திரையில் குலதெய்வம் கோயிலுக்கு நான்கு நாள் போக வேண்டும், கரூர் பக்கம் ஒரு கிராமம். அவன் மாத்திரைக்கு என்ன செய்வது? பழைய கூட்டாளி ஒருத்தனும் அங்கே வருவான். போகலாமா, வேண்டாமா?

——————

தேன்மொழி_செவிலி | மார்ச் 27, இரவு 10.20

தேதியை இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நான்கு நாள் மாத்திரையைக் கையில் தருவார்களா, பக்கத்து மாவட்ட மருத்துவமனையில் வாங்கிக்கொள்ளச் சொல்வார்களா என்பது அவர்கள் முடிவு. தந்தால் மாத்திரை உங்கள் கைப்பையில் இருக்கட்டும், அவனிடம் வேண்டாம், அம்மாவிடமும் வேண்டாம். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. கூட்டாளி வருவதை அவனிடமே சொல்லிவிட்டு, போகலாமா என்று அவனையே கேளுங்கள். போனால் ராத்திரி தங்குகிற இடத்தில் உங்கள் வீட்டுக்காரரோடு படுக்கட்டும். அந்த ஊரில் சிக்னல் எடுக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், 14416க்கு அழைக்க வேண்டி வரலாம். மாடி இல்லாத வீடு என்றால் "மாடிக்கு வா" என்பதற்குப் பதிலாக வேறு ஒரு வார்த்தை பேசி வையுங்கள்.

——————

காவேரிக்கரை | மார்ச் 27, இரவு 10.41

அவனிடம் கேட்டேன். "கிணத்தடிக்கு வா"னு வச்சுக்கலாம் என்கிறான். கிணறு வேண்டாம் என்று அம்மா உள்ளேயிருந்து கத்துகிறார். "வேப்பமரம்" என்று முடிவாகியிருக்கிறது.